பத்தில் ஒரு பங்கு

ஜனவரி 23

சாலையில் பனி உறைந்திருக்கிறது என்று பஸ் தாமதமாக வந்தது. ஏறும்போது பார்த்தால் வெறும் ஈரம். இந்த ஊரில் நாலு துளி பனி விழுந்தால் போதும், நாளைக்கு உலகம் இருக்காது என்பதுபோல் பாலுக்கும் ரொட்டிக்கும் கடையில் அடித்துக்கொள்வார்கள்.

முதல் பீரியடில் ரேங்க் கொடுத்தார்கள். எனக்கு முப்பத்தொன்று. பத்தாம் வகுப்பில் நாங்கள் மொத்தம் இருநூற்றுப் பத்துப் பேர். முதல் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது இருபத்தொன்றுக்குள் வந்துவிட்டால் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அநேகமாகக் கேள்வி கேட்காமல் இடம் கிடைக்கும். அதற்கு அடுத்த ஆளிலிருந்து கட்டுரை எழுதி, சிபாரிசு பிடித்து, பதில் வருமா வராதா என்று காத்துக் கிடக்க வேண்டும். எனக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். அதைவிட, இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும். இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மரிசோலுக்கு இருபது. அவள் ரேங்க் சீட்டில் சூயிங்கம்மைச் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு வயதிலிருந்து என் சிநேகிதி. அதனால்தான் அந்த எரிச்சலை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரி 30

அடுத்த வருடம் எத்தனை ஏ.பி. என்று இன்னும் பத்து நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பதுதான் ஏ.பி. படித்தவர்களைக் கேட்டால் தூக்கம் போய்விடும் என்கிறார்கள்.

ஆலோசகர் மிசஸ் பெல்ட்ரான் அறையில் எப்போதும் பீகன் கொட்டை வாசனை. மென்றுகொண்டேதான் பேசுவார்.

"மூணு எடும்மா. மூணு போதும். நீ என்ன மெஷினா?"

"மூணு எடுத்தா இருபத்தொண்ணுக்குள்ள வருவேனா மிஸ்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? மத்தவங்க எத்தனை எடுக்கிறாங்கன்னு பொறுத்தது."

அதுதானே விஷயம்! எல்லோரும் மூன்று எடுத்தால் மூன்று போதும். யார் மூன்றோடு நிற்கப் போகிறார்கள்?

அம்மாவிடம் கேட்டேன். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வலியைக் கேட்டு முடித்து வீட்டுக்கு வருகிறவள். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் கண்ணு" என்றாள். எது சரியென்று தெரிந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 5

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண வகுப்பில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உச்சம் நூறு. ஏ.பி.யில் பத்து மதிப்பெண் இனாம். நூற்றுப்பத்து வரை போகலாம். நான் பாடும் கொயர், அதாவது பள்ளிச் சேர்ந்திசைக் குழு, சாதாரண வகுப்பு. ஆக, கொயரில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் என் சராசரி இறங்கும். தப்பில்லாமல் பாடுவதற்குத் தண்டனை!

மதியச் சாப்பாட்டில் மரிசோலிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு வறுவலை என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே கேட்டாள்.

"பாட்டு பாடினா ஆள் குறைஞ்சு போவாளா?"

"ஆள் இல்லடி. சராசரி."

"அப்போ நீ எத்தனை எடுக்கப் போற?"

"ஆறு."

"ஆறா! உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. குளிப்பியா மாட்டியா?"

அவள் மூன்று எடுக்கிறாளாம். சரித்திரம், உயிரியல், ஆங்கிலம். கூடவே கொயர். அதோடு தம்பிகள் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டுத் தூங்க வைப்பாள். அப்படியும் எனக்கு மேலே நிற்பாள். நான் முட்டிக்கொண்டு படிப்பதை அவள் ஒருமுறை வாசித்தால் போதும். இதை நினைக்கும்போது எனக்கு அவளைப் பிடிக்காமல் போகிறது, ஒரு நிமிஷத்துக்கு. பிறகு சரியாகிவிடுகிறது.

பிப்ரவரி 9

ஆறு. கொயர் இல்லை. கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

கொயர் ஆசிரியர் மிஸ்டர் ஹோல்ம் கோபிக்கவில்லை. "போன வருஷம் நாலு பேர், இந்த வருஷம் ஏழு பேர். எல்லாருக்கும் இதே காரணம்தான்" என்றார். பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நானும் மரிசோலும் வருடா வருடம் போட்டியில் இரட்டையாகப் பாடுவோம். அவள் மேல் குரல், நான் கீழ்க் குரல். அவளிடம் சொல்வதற்குள் மிஸ்டர் ஹோல்ம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம் கோரி" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வேறு எதையோ பேசினாள். நானும் பேசினேன்.

ஆகஸ்ட் 24

பதினோராம் வகுப்பு. முதல் வாரமே வேதியியலில் எனக்கு எழுபத்திரண்டு. இனாமாக வரும் பத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 21

வெள்ளிக்கிழமை. ஊரே கால்பந்து மைதானத்தில். ஜன்னலைத் திறந்தால் முரசுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. மூடிவிட்டேன். மரிசோல் இரண்டு தடவை கூப்பிட்டாள். "படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று அனுப்பினேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, போன வாரம் அனுப்பியதையே திரும்ப அனுப்பினேன்.

அக்டோபர் 17

எங்கள் பூனை பட்லுவுக்குத் தாடையில் சீழ் கட்டி. அம்மாதான் கண்டுபிடித்தாள், நான் இல்லை. டாக்டர் அதன் வாயைத் திறந்தபடி என்னைக் கேட்டார், "எப்போலேர்ந்து சாப்பிடல?" தெரியவில்லை. என் அறையில், என் கட்டிலில் தூங்குகிற பூனை. கிண்ணம் நிறைந்தே இருந்திருக்கிறது, நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"மிருக டாக்டருக்குப் படிக்கப் போறவளாம்" என்று அம்மா காரில் சொன்னாள். கிண்டல்தான். நான் கத்தினேன். "எல்லாம் அதுக்காகத்தானே பண்றேன்! வேற எதுக்கு இப்படி நாய் மாதிரி உழைக்கிறேன்?" சிக்னல் பச்சையானதும் அம்மா ஓட்டினாள்.

பட்லு பிழைத்துக்கொள்ளும். இன்று கொஞ்சம் கஞ்சிபோலக் கரைத்துக் கொடுத்ததை நக்கியது.

நவம்பர் 22

நன்றி நாள். வான்கோழி, பூசணி இனிப்பு, அம்மாவின் தங்கை. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது "விடுமுறைக்கு" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் 15

மரிசோல் வீட்டில் இன்று டமாலே செய்யும் நாள். சோள மடலில் மாவைத் தடவி, உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டி, பெரிய அண்டாவில் அவிப்பார்கள். அவள் சித்திகள், அத்தைகள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமையலறையில். நான் ஏழு வருடமாகப் போகிறேன். நான் தடவினால் மாவு கனமாகிவிடும். அவள் அம்மா அதைத் தூக்கிக் காட்டி, "இது டமாலேயா, தலகாணியா?" என்பார்.

இந்த வருடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வேதியியல் பரீட்சை.

சாயங்காலம் மரிசோல் வாசலில் ஒரு டஜன் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வரவில்லை, தம்பிகள் காரில் இருக்கிறார்களாம். "தலகாணி ஒண்ணுகூட இல்ல, அம்மா தேடினாங்க" என்றாள். நின்றுகொண்டே நாலு தின்றேன். மீதியை அம்மாவுக்கு வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஜனவரி 9

ரேங்க். இருபத்திரண்டு.

இருபத்திரண்டு! கோடு இருபத்தொன்றில். ஒன்பது பேரைத் தாண்டி வந்து ஒரே ஒரு ஆள் பின்னால் நிற்கிறேன். வேதியியலில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி சரியாகச் செய்திருந்தால்... மரிசோலுக்குப் பத்தொன்பது. மூன்று ஏ.பி.யோடு, பாட்டோடு, தம்பிகளோடு.

அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் ஒருத்தர்தான்டி, ஜூன்ல தாண்டிடுவ" என்றாள். நான் கல்லுமாதிரி நின்றேன்.

ஜனவரி 14

நேற்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

மரிசோல் சொல்லாமல் வந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து பட்லுவை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மேஜையில். பேனாவைக்கூட மூடவில்லை.

"அப்பாவை நியூ மெக்சிகோவுக்கு மாத்திட்டாங்க. அங்க புதுசா எண்ணெய்க் கிணறு தோண்டறாங்களாம்" என்றாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல கோரி. நாங்க எல்லாரும் போறோம். வீட்டைக் காலி பண்றோம். இந்த மாசக் கடைசியில."

"அப்போ ஸ்கூல்?"

"அங்கதான் சேரணும்."

அவள் பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்து நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். பத்து வருடச் சிநேகிதி போகிறாள். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது ஒரு எண். தோன்றியதோடு நின்றிருந்தாலாவது...

"அப்போ நான் இருபத்தொண்ணு ஆயிடுவேன்" என்றேன்.

வாய்விட்டு. சந்தோஷக் குரலில். ஆமாம், சந்தோஷம்தான் அது, எனக்குத் தெரியும்.

மரிசோல் பட்லுவை மெதுவாக இறக்கி விட்டாள். குளிருக்குப் போட்டுவந்த மேல்கோட்டை எடுத்துக்கொண்டாள். "ஆமா, ஆயிடுவ" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். கீழே அம்மாவிடம் "வரேன் ஆன்ட்டி" என்று சொன்னது கேட்டது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

ஜனவரி 15

பஸ்ஸில் அவள் முன் சீட்டில், வேறு ஒருத்தியோடு.

ஜனவரி 18

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழுதாளா?"

"இல்ல."

"திட்டினாளா?"

"இல்லம்மா."

பிறகு, "அவ டெக்சாஸை விட்டுப் போனா அவளோட ரேங்க் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. வேறு மாநிலம், வேறு பள்ளி, வேறு கணக்கு. அவளுடைய பத்தொன்பது அங்கே செல்லாது. கோட்டுக்குள் நின்றவள் கோட்டையே விட்டுப் போகிறாள். அதைச் சொல்லத்தான் வந்தாளோ? என்னிடம் அழத்தான் வந்தாளோ? அவள் எழுந்து போவதற்குள் நான் அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனையோ நாள் நான் கெட்டவள் இல்லை, களைத்துப் போனவள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா என்ன?

ஜனவரி 29

வெட்கம் கெட்டுப்போய் மிசஸ் பெல்ட்ரானிடம் இன்று கேட்டுவிட்டேன். மரிசோல் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று காலையில் தெரிந்தது. மதியம் நான் அந்த அறையில் நிற்கிறேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "இருபத்தொண்ணு" என்றார்.

அவர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இப்போ நீங்க இருநூத்து ஒன்பது பேர்தானே. பத்துல ஒரு பங்குன்னா இருபது, அப்புறம் முக்கால்வாசிக்கு மேல. நம்ம ஸ்கூல்ல புள்ளிக்கு அப்புறம் வர்றதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. ஆக, இருபது பேர்தான்."

"அப்போ நான்?"

"ஒரு இடம் பின்னால. முன்ன மாதிரியேதான்."

ஒருத்தி போனால் வரிசை மட்டுமா நகரும், கோடும் நகரும். ஆறு ஏ.பி. படிக்கிறவளுக்கு இந்த ஐந்தாம் வகுப்புக் கணக்கு எட்டவில்லை.

மிசஸ் பெல்ட்ரான் கொட்டைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருப்பார். "பன்னெண்டாம் வகுப்புக்கு இப்போதான் எழுதப் போறீங்க. நீ இவ்வளவு தூரம் வந்துட்ட. இன்னொண்ணு சேர்த்து ஏழா எடுத்தா ஒருத்தரைத் தாண்டிடலாம்" என்றார். போன வருடம் மூன்று போதும் என்று சொன்ன அதே வாய்.

பிப்ரவரி 2

சனிக்கிழமை. போனேன். நடந்தே போனேன்.

வாடகை லாரி வாசலை அடைத்து நின்றது. மரிசோலின் அம்மா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். "எங்க போயிருந்த நீ? டிசம்பர்லேர்ந்து ஆளையே காணோம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மரிசோல் வீட்டில் சொல்லவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்கு அந்த அணைப்பைத் தாங்க முடியவில்லை.

நானும் பெட்டிகளைத் தூக்கினேன். மரிசோல் "இதைப் பிடி", "அது கண்ணாடிச் சாமான், பார்த்து" என்று மட்டும் சொன்னாள். மெத்தையை ஏற்றும்போது நாங்கள் இரண்டு பேரும் லாரிக்குள் தனியாக இருந்தோம்.

"மன்னிச்சிடு" என்றேன். வழியெல்லாம் நிறைய யோசித்து வைத்திருந்தேன். வந்தது அந்த ஒரு சொல்தான்.

"விடு கோரின். கணக்கு சரியாத்தானே போட்ட."

கோரின். பத்து வருடத்தில் அவள் என் முழுப் பெயரைச் சொன்னது இதுவே முதல் தடவை.

"தப்பு. கணக்கும் தப்பு" என்றேன். கோடு நகர்ந்ததைச் சொன்னேன். இருநூற்று ஒன்பது, இருபது, எல்லாவற்றையும்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். நிஜச் சிரிப்பு, பஸ்ஸில் என் மேல் சாய்ந்து சிரிப்பாளே, அது. நானும் சிரிக்க ஆரம்பித்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ நான் போறதுகூட உனக்குப் பிரயோஜனப்படல" என்றாள்.

மெத்தைக்குக் கயிறு கட்டினோம். அவள் முடிச்சுப் போட நான் விரலால் அழுத்திக்கொண்டேன். பதினொரு மணிபோல லாரியும் பின்னாலேயே அவர்கள் காரும் கிளம்பின. தம்பிகள் காரின் பின் ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து திரும்பிப் பார்க்க முடியாதுதான்.

பிப்ரவரி 4

மிஸ்டர் ஹோல்ம் அறை வரைக்கும் போனேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். கீழ்க் குரல் வரிசை நிரம்பியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8

மூன்று எழுதிக் கொடுத்தேன். உயிரியல், புள்ளியியல், ஆங்கிலம்.

மிசஸ் பெல்ட்ரான் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "இப்படி எடுத்தா இருபதுக்குள்ள வர முடியாது, தெரியுமில்ல?" தெரியும் என்றேன். ஆறு எடுத்தவர்கள் எல்லாம் ஏழு எடுக்கிறார்கள், நான் முப்பதுக்கும் கீழே போவேன். கட்டுரை எழுதிக் காத்துக் கிடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இடம் கிடைக்காமலே போகலாம். பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா "ஏன் கண்ணு?" என்று கேட்டாள். "அவளுக்காகவா?"

இல்லை. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டால் பெருமையாக இருக்கும். ஒருவர் போவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அந்தப் பெண் மேஜையில் உட்கார்ந்திருந்தாளே, அவளோடு இன்னொரு வருடம் என்னால் ஒரே அறையில் இருக்க முடியாது. அவ்வளவுதான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "தூக்கம் வருதும்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

பிப்ரவரி 27

மரிசோலிடமிருந்து இன்று செய்தி. போன பிறகு இதுதான் முதல். ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன், பிறகுதான் படித்தேன்.

பட்லு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். தாடை ஆறிவிட்டது, குண்டாகிவிட்டது என்று போட்டோ அனுப்பினேன். ஊர் எப்படி என்று கேட்டேன். ஒரே காற்று, வாயெல்லாம் மண் என்றாள். தம்பிகளுக்குப் பிடித்திருக்கிறதாம். பிறகு அவளே கேட்டாள்.

"பன்னெண்டாம் வகுப்புக்கு எத்தனை எடுத்த?"

"மூணு."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஆறு" என்று வந்தது. "இங்க எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமே. கொயர் எடுக்கல. இங்க யார்கூடப் பாடறது."

உடனே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி கூப்பிட்டேன். குளி, தூங்கு, சாப்பிடு, வெள்ளிக்கிழமை எங்கேயாவது போய் யாரோடாவது கத்து என்று சொல்ல நினைத்தேன். என்னைப் பார், என்று சொல்ல நினைத்தேன். இரண்டாவது தடவையும் அவள் எடுக்கவில்லை.

பிறகு ஒரு வரி வந்தது.

"படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்."

நான் "சரி" என்று அனுப்பினேன்.